ஐந்து மெஷின்களும் ஒரு நாற்றமும்

சிகரெட் நாற்றத்தைப் போக்குவது எப்படி என்று யாராவது கேட்டால், கேட்கிறவர் அதைக் குடிக்கிற ஆளா என்றுதான் முதலில் பார்ப்பேன். குடிக்கிற ஆள் என்றால் பதில் கிடையாது. அவன் மூக்கு செத்துப்போன மூக்கு. எது போயிற்று, எது போகவில்லை என்று அவனுக்குத் தெரியாது. ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்துவிட்டு, எல்லாம் போய்விட்டது பார் என்று நெஞ்சை நிமிர்த்துவான். அப்படி ஒருவரோடு இருபத்தேழு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா?

அவர் என் கணவர். ஒசூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். அதே தொழிற்பேட்டையில் வேறொரு கம்பெனியில் நான் இருபத்திரண்டு வருஷம் அசெம்ப்ளி லைனில் நின்றேன். நல்ல மனுஷன்தான், இல்லை என்று சொல்லவில்லை. செத்துப்போனவர்களை நல்லவர் என்றுதான் சொல்லவேண்டும் என்று ஒரு சட்டம் இருக்கிறதே. ஆனால் அவர் ஊதித் தள்ளியதை வீட்டைவிட்டு வெளியே அனுப்ப நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சட்டைக்கு வினிகர், தலையணைக்கு வெயில், கொசுவலைக்குச் சோடா உப்பு, ஃபேன் இறக்கைக்குச் சோப்புத் தண்ணீர். இறக்கையைத் துடைத்தால் துணியில் டிகாக்‌ஷன் நிறத்தில் பிசின் வரும். உன் நெஞ்சுக்குள்ளும் இதுதான் ஒட்டியிருக்கும் என்று அந்தத் துணியை அவர் முகத்துக்கு நேராக நீட்டியிருக்கிறேன். ஃபேன் நன்றாகத்தானே சுற்றுகிறது என்பார். கடைசி எட்டு மாதம் கட்டிலிலிருந்து பாத்ரூம் போவதற்குள் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினார்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு அவர் படுத்திருந்தபோது, எங்கள் ஒரே மகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தான். உயிருள்ளவரை அந்தக் கருமத்தைத் தொடமாட்டேன் என்று. அவனாகச் செய்யவில்லை, நான் செய்யவைத்தேன். ஒருவரை வாரிக்கொடுக்கப்போகிறேன், இன்னொருவரையும் கொடுக்க என்னிடம் தெம்பு இல்லை என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். எனக்கு இருப்பது அவன் ஒருவன். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் இனிமேல் நான் சொல்லப்போவது ஏதோ பெட்டி துடைத்த கதைபோலத்தான் இருக்கும்.

அது நடந்து நான்கு வருஷம் ஆகிறது. மகன் அப்போது போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருந்தான். இந்த வருஷம் சித்திரையில் ஒருநாள், வேலையை விட்டுவிட்டேன் என்று வந்து நின்றான். கூடவே அங்கே வேலை பார்த்த நண்பனும் விட்டுவிட்டு வந்திருந்தான். இரண்டு பேரும் சேர்ந்து, பிள்ளைகள் விளையாடுகிற கேம் சென்டர் திறக்கப்போகிறார்களாம். ஒசூரில் அப்பார்ட்மெண்ட் பெருத்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை ஆனால் எல்லாரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பார்டரைத் தாண்டி மாலுக்கு ஓடுகிறார்கள், அவர்களை இங்கேயே பிடித்துப்போடலாம் என்று எனக்கு ஒருமணி நேரம் பாடம் எடுத்தார்கள். எங்கள் வீட்டை ஒட்டி, தொரப்பள்ளிப் பக்கம் போகிற ரோட்டைப் பார்த்தபடி ஒரு தகர ஷெட் இருக்கிறது. முன்பு லேத் பட்டறைக்கு விட்டிருந்தோம். அதைக் கேட்டார்கள். பிள்ளைகள் வந்து போகிற இடம் என்றதும் நானும் இளகிப்போய்ச் சரி என்றேன்.

புது மெஷின் வாங்குவார்கள் என்று நினைத்திருந்தேன். அவ்வளவு அறிவு இருந்தால்தான் வேலையை விட்டிருக்கமாட்டார்களே. பெங்களூரில் ஏதோ ஒரு பார், குடித்துக்கொண்டே விளையாடுகிற இடம், மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அங்கிருந்து ஐந்து ஆர்கேட் மெஷின்களைப் பிடித்து வந்தார்கள். லாரியின் பின்கதவைத் திறந்தபோது நான் வாசல்படியில் நின்றிருந்தேன். நல்ல பத்தடி தூரம் இருக்கும். அங்கிருந்தே அது வந்து என் முகத்தில் அறைந்தது. உள்ளே ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். புருஷன் ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது, பாவம் என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்களாம். ஞாபகமாவது மண்ணாவது. நாற்றம் தாங்கவில்லை, அவ்வளவுதான். செத்தவர் சட்டையை முகர்ந்து பார்த்து அழுவதெல்லாம் வேலை இல்லாதவர்கள் செய்வது. நான் அவர் துணிமணி முழுவதையும் மூன்றாம் மாதமே மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டவள்.

மெஷின்களோடு விற்றவரும் கூட வந்திருந்தார். நான் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வருகிறேன், அந்த ஆள் சிரித்துக்கொண்டே, "ஸ்மெல் ஏனூ இல்லம்மா," என்கிறார். வாசனை ஒன்றும் இல்லையாம். சொல்லும்போதே அவர் சட்டைப் பையில் பாக்கெட் துருத்திக்கொண்டு நிற்கிறது. எனக்குக் கன்னடத்தில் மரியாதையாகப் பேசவும் தெரியும், மற்றபடி பேசவும் தெரியும். இரண்டாவதைப் பேசினேன். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

ஐந்து மெஷின்களையும் சொல்லிவிடுகிறேன். சீட்டும் ஸ்டீயரிங்கும் கியரும் வைத்த கார் மெஷின்கள் இரண்டு. ஏறி உட்கார்ந்து சாய்க்கிற பைக் ஒன்று. துப்பாக்கி சுடுவது ஒன்று. நின்றபடி பட்டனைத் தட்டிச் சண்டை போடுவது ஒன்று. அந்தச் சண்டை மெஷினின் பட்டன்களுக்குப் பக்கத்தில் வரிசையாகக் கருகல் தழும்புகள். விளையாடுகிற மும்முரத்தில் எரிகிற சிகரெட்டை விளிம்பில் வைத்துவிட்டுத் தட்டியிருக்கிறார்கள். கழுத்தில் கம்பெனி அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு வருகிற தடிமாடுகள். பொம்மைக் காரை ஓட்டுவதற்கு ஒரு கையில் பாட்டில், ஒரு கையில் சிகரெட். ஸ்டீயரிங்கை எதனால் பிடித்தார்களோ, அவர்களைப் பெற்றவர்களுக்குத்தான் வெளிச்சம்.

அன்றைக்கே மகனிடம் சொல்லிவிட்டேன். இந்த நாற்றம் இருக்கிற இடத்தில் எவன் வீட்டுப் பிள்ளையும் வந்து உட்காரக்கூடாது, நீயும் நாள் முழுக்க உட்காரக்கூடாது. குடிக்காமலே நெஞ்சு கெட்டுப்போகும். என் மூக்கு சரி என்று சொன்னால்தான் ஷெட் சாவி உன் கைக்கு வரும். மறுபடி ஒரு துளி வந்தாலும் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்வேன், மெஷின் ஐந்தும் பழைய இரும்புக் கடைக்குப் போகும். அவன் தலையை ஆட்டினான். அவன் எதற்கும் தலையை ஆட்டுகிற பையன்தான்.

ஆடி மாதம் பிறந்திருந்தது. ஆடியில் கடை திறக்க முடியாது, ஆவணி முதல் முகூர்த்தத்தில் திறக்கலாம் என்று வைத்துக்கொண்டோம். ஒரு மாதம் கையில் இருந்தது. அதில் முதல் வாரத்தை மேதாவிகள் சாப்பிட்டுவிட்டார்கள்.

முதல் மேதாவி மகனின் நண்பன். எங்கிருந்தோ ரோஜா வாசனை ஸ்பிரே ஆறு டப்பா வாங்கிவந்து ஐந்து மெஷினுக்குள்ளும் அடித்தான். ரோஜாத் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்த ஒசூர்க்காரனுக்கு அதைத் தவிர வேறு ஒன்றும் தோன்றாது போலிருக்கிறது. மறுநாள் திறந்து பார்த்தால், கல்யாண மண்டபத்தின் பின்பக்கத்தில் ஆம்பிளைகள் கூடி நின்று ஊதுகிற இடம் இருக்குமே, மாலையும் புகையும் கலந்து, அசல் அந்த வாசனை. அவனும் மூக்கை நீட்டிப் பார்த்துவிட்டு, இப்போது பரவாயில்லை அம்மா என்றான். பரவாயில்லையாம்.

இரண்டாவது மேதாவி என் கொழுந்தனார், அவருடைய தம்பி. குருபரப்பள்ளியில் ஹைவே ஓரமாகப் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். எந்தக் காரியத்துக்கும் சாஸ்திரம் சொல்ல முதலில் வந்து நிற்பது அவர்தான். வெள்ளிக்கிழமை வந்தார், கேட்டார், வெண்சாம்பிராணி போட்டால் போகாத நாற்றம் உலகத்திலேயே இல்லை அண்ணி என்றார். நான் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் தூபக்காலில் தணல் அள்ளி, துப்பாக்கி மெஷினின் பின்கதவைத் திறந்து உள்ளே வைத்து, கதவையும் சாத்திவிட்டார். புகையைப் போக்குவதற்குப் புகை. மேல் துவாரத்தில் குபுகுபுவென்று வந்ததைப் பார்த்துத் தெருவில் போனவன் தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்தான். உள்ளே ஒரு வயர் பொசுங்கியது. கொழுந்தனார் வெளியே போய் நிதானமாக ஒரு சிகரெட் பற்றவைத்துக்கொண்டு, திருஷ்டி கழிந்தது என்றார். நாற்றத்தைப் போக்க வந்த ஆள் அதைப் புதிதாக உற்பத்தி செய்துகொண்டு நிற்கிறார், அந்த வெட்கம்கூட இல்லை.

அதற்குமேல் யாரையும் கிட்டே விடவில்லை. புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு நானே இறங்கினேன். மகனும் நண்பனும் நான் சொன்னதைச் செய்தார்கள், அதுவரைக்கும் நல்ல பிள்ளைகள்.

இந்த நாற்றத்தைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளவேண்டும். அது காற்றில் இல்லை, தூசியில் இருக்கிறது. பின்கதவைத் திறந்தால் உள்ளே பழுப்பாக, பஞ்சுபோல, பிசுபிசுவென்று அடை அடையாக ஒட்டியிருந்தது. ஃபேன் இத்தனை வருஷமாகப் பாரின் புகையை உள்ளே இழுத்து இழுத்துச் சேர்த்து வைத்த சொத்து. நண்பன் பிளோயர் எடுத்துவந்தான். ஊதினால் ஷெட் முழுக்கப் பரவும், வையடா கீழே என்றேன். ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தோம். ஃபேன்களைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டச் சொன்னேன். ஸ்பீக்கருக்கு மேலே இருந்த துணியைக் கிழித்தெறிந்தோம். சீட்டைப் பிரித்தால் உள்ளே ஃபோம் மஞ்சள் நிறத்தில் ஆம்லெட் மாதிரி இருந்தது. அதைக் கழுவிப் பார்க்கலாம் என்றான் மகன். ஃபோமைக் கழுவிச் சாதித்தவன் யாரும் கிடையாது. தூக்கிக் குப்பையில் போட்டு, கார் சீட் தைக்கிற கடையில் புதிதாகத் தைத்து வாங்கினோம்.

பட்டன், லீவர், துப்பாக்கி மூடி எல்லாவற்றையும் கழற்றி வெந்நீரில் பாத்திரம் தேய்க்கிற சோப்புப் போட்டு இரண்டு நாள் ஊறவைத்தேன். தண்ணீர் முதல் நாள் காப்பி நிறம், மறுநாள் டீ நிறம். வெளிப்பலகையையும் கண்ணாடியையும் வினிகர் கலந்த வெந்நீரில் துடைத்துவிட்டு, மறுபடி வெறும் தண்ணீரில் துடைத்தோம். சர்க்யூட் போர்டுகளை நான் யாரையும் தொடவிடவில்லை. என் பத்து வருஷத்து இன்ஸ்பெக்‌ஷன் வேலை அதில்தான். பிளக்கைப் பிடுங்கி ஒருநாள் முழுக்க விட்டுவிட்டு, கம்பெனியில் செய்கிறபடி ஐ.பி.ஏ. என்கிற ஸ்பிரிட்டைத் தொட்டு மெல்லிய பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். பச்சைப் போர்டு என்பதே துடைத்த பிறகுதான் தெரிந்தது.

கடைசியில் மரப்பெட்டி. அதுதான் எமன். வெளியே பளபளவென்று ஒட்டியிருப்பார்கள், உள்பக்கம் வெறும் அழுத்திய மரத்தூள் பலகை. புகை முழுவதையும் குடித்துவைத்திருக்கும். ஆடி மாசத்துக் காற்றில், வெயில் வருகிறபோதெல்லாம் வெளியே இழுத்துப்போட்டு, தூறல் வந்தால் உள்ளே தள்ளி, பத்து நாள் இதே வேலை. பிறகு கரித்துண்டுகளைத் தட்டில் பரப்பி உள்ளே வைத்து மூடினோம். மிச்சமிருந்த நாற்றம் இனி வெளியே வராதபடி, ஆசாரி பாலிஷ் போடுவாரே, அந்த அரக்குப் பாலிஷை உள்பக்கம் முழுக்க இரண்டு கை பூசி அடைத்தோம்.

சோதனையும் நான்தான் வைத்தேன். மெஷினை இரண்டு மணி நேரம் ஓடவிட்டுச் சூடேற்றி, தார்ப்பாயால் மூடி, மறுநாள் காலையில் நான் காப்பி குடிப்பதற்கு முன்னால் தார்ப்பாயைத் தூக்கி உள்ளே தலையை விட்டு முகர்வேன். சூடுதான் அதன் உண்மையைச் சொல்லும். ஐந்தும் தேறின. பாலிஷ் வாசனை இருந்தது, புது ரெக்சின் வாசனை இருந்தது, அது இல்லை. சாவியை மகன் கையில் கொடுத்தேன். திறப்பதற்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

நான்காவது நாள், புதன்கிழமை, இரண்டாவது கார் மெஷினின் தார்ப்பாயைத் தூக்கினேன். இருந்தது. லேசாகத்தான். ஆனால் இருந்தது.

என்னைத்தான் முதலில் திட்டிக்கொண்டேன். எங்கேயோ ஓர் இடுக்கை விட்டுவிட்டாய், கிழவி, கண் போய்விட்டது என்று. சீட்டைக் கழற்றி, தரை விரிப்பை மாற்றி, உள்ளே இன்னொரு கை பாலிஷ் பூசினோம். மறுநாள் இல்லை. சனிக்கிழமை காலையில் மறுபடி இருந்தது. அதே மெஷின். மற்ற நான்கும் பச்சைக் குழந்தைபோலச் சுத்தமாக நிற்கின்றன. பெடல், வயர், ஸ்பீக்கர் என்று மறுபடி எல்லாவற்றையும் பிரித்தோம். மகன் முகம் கறுத்துக் கிடந்தது. கடை போய்விடும் என்று கவலைப்படுகிறான் என்று நினைத்தேன். சாவியைத் திரும்பக் கேட்க எனக்கும் மனசு வரவில்லை. அடுத்த புதன்கிழமை மூன்றாவது தடவையும் வந்தது.

அப்போதுதான் இரண்டு பேரும் கம்பெனி மூளையை வெளியே எடுத்தார்கள். ஷெட் சுவரில் ஒரு ஒயிட் போர்டு மாட்டி, மீன் முள் படம் போட்டார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கம்பெனியில் ஒரு பொருள் கெட்டுப்போனால், ஏன் கெட்டது என்று கண்டுபிடிக்க இப்படி ஒரு படம் போடுவார்கள். நடுவில் முதுகெலும்பு, அதிலிருந்து நான்கு முள். ஒரு முள்ளுக்கு மெஷின், ஒன்றுக்கு மெட்டீரியல், ஒன்றுக்கு மெத்தட், ஒன்றுக்கு ஆள். ஒவ்வொன்றின் கீழேயும் என்னென்ன தப்பு நடந்திருக்கலாம் என்று எழுதவேண்டும். படித்தவர்களின் ஜோசியக் கட்டம். நண்பன் சொல்லச் சொல்ல மகன் எழுதினான். மெஷின் என்பதன் கீழ் ஃபேன், சூடு, ஸ்பீக்கர் பெட்டி. மெட்டீரியல் என்பதன் கீழ் பலகை, ரெக்சின், பசை. மெத்தட் என்பதன் கீழ் பாலிஷ் போதவில்லை, காயவிட்ட நேரம் போதவில்லை. அதாவது தப்பு என்னுடையது. எழுதட்டும்.

சாப்பாடு வாங்க நண்பன் வண்டியில் போனான். மகன் பின்பக்கம் எதையோ எடுக்கப் போனான். நான் இடுப்பில் கைவைத்து அந்தப் படத்தைப் பார்த்தேன். ஆள் என்ற முள்ளின் கீழே ஒரு சின்னக் கோடு மட்டும் போட்டிருந்தது. ஒன்றும் இல்லை என்று அர்த்தம். முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த முள் காலியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. கம்பெனியில் எது கெட்டாலும் முதலில் நிரப்புவது அதைத்தான். ஆபரேட்டர் கவனக்குறைவு என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போவார்கள் பெரிய மனுஷர்கள். மெஷினில் ஸ்பிரிங் தேய்ந்ததற்கு என் டோக்கன் நம்பரை அங்கே எழுதிய புண்ணியவான்கள் உண்டு. இந்த இரண்டு பேரும் அதே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தானே, குவாலிட்டிக்காரன் கை மற்ற மூன்றையும் எழுதிவிட்டு ஆளை மட்டும் எப்படித் தாண்டிப் போகும்?

எழுதியது மகன் கை.

நான் போய் அந்தக் கார் மெஷினில் ஏறி உட்கார்ந்தேன். இதுவரை பெட்டிக்குள்ளேயே தலையை விட்டுக்கொண்டிருந்தவள், முதல்முறையாக ஓட்டுகிறவன் இடத்தில் உட்கார்ந்து முகர்ந்தேன். சீட்டில் இல்லை. பலகையில் இல்லை. ஸ்டீயரிங்கில் முகத்தை வைத்தேன். இருந்தது. இரண்டு பக்கமும், விரல் பிடிக்கிற இடத்தில். கியர் குமிழிலும் இருந்தது. பழைய நாற்றம் புளித்துப்போயிருக்கும், ஈரச் சாம்பல்போல. இது புளிக்கவில்லை. இது நேற்றையது.

செவ்வாய்க்கிழமை ராகுகாலத்துக்கும் வெள்ளிக்கிழமை ராகுகாலத்துக்கும் நான் கோயிலுக்குப் போவேன். புதன்கிழமை நாறியது, சனிக்கிழமை நாறியது. இதைக் கூட்டிப் பார்க்க எனக்கு ஒரு வாரம் ஆகியிருக்கிறது. அவர் போன நாளிலிருந்து அவன் துணியை அவனே துவைத்துக்கொள்வான், எப்போதும் வாயில் ஒரு புதினா மிட்டாய் இருக்கும். என் பிள்ளைபோல உண்டா என்று தெரு முழுக்கப் பீற்றியிருக்கிறேன். பெரிய மூக்கு. பெங்களூர்க்காரனின் சட்டைப் பை வரைக்கும் தெரிந்த மூக்கு. தூ.

மகன் உள்ளே வந்தான். நான் அந்த சீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"ஸ்டீயரிங்ல இருக்கறது யார் கையி?" என்றேன்.

போர்டைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். நண்பன் வரவில்லை. பொய் சொல்வான் என்று எதிர்பார்த்தேன், சொல்லியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"என்னுதுதாம்மா."

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன பேசினேன் என்று முழுக்க ஞாபகமில்லை. வார்டைச் சொன்னேன், குழாயைச் சொன்னேன், செத்துக்கொண்டிருந்த மனுஷன் கைமேல் வைத்த கையைச் சொன்னேன். மானங்கெட்டவனே என்றேன். உனக்குக் கொள்ளி வைக்கவும் நான்தான் இருக்கவேண்டுமா என்று கேட்டேன். அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. அவன் நின்ற இடத்திலேயே நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். கடைசியில், உனக்கு இதைப் பழக்கிவிட்ட நாய் எவன் என்று கேட்டேன். மனசுக்குள் மூன்று பேரைத் தயாராக வைத்திருந்தேன். இந்த நண்பன் ஒருவன். கம்பெனி பஸ்ஸில் கூட வந்த கூட்டம் ஒன்று. கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கிறவன். யார் பெயரைச் சொன்னாலும் நேராகப் போய் அவன் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டு வருவது என்று முடிவு செய்திருந்தேன்.

"எப்பத்துலருந்துடா? யாரு மொதல்ல குடுத்தது?"

"அப்பாவோட பதினாறாம் நாளும்மா."

எங்கள் பக்கத்தில் பதினாறாம் நாள் காரியத்தில், செத்தவருக்கு என்னென்ன பிடிக்குமோ அதையெல்லாம் இலையில் வைத்துப் படைப்பார்கள். அன்றைக்கு ஆட்டுக்கறிக் குழம்பு வைத்தேன், வடை சுட்டேன், அவருக்குப் பிடித்த ரவா கேசரி கிண்டினேன். எல்லாம் இலைக்கு வந்த பிறகு கொழுந்தனார், சிகரெட் எங்கே அண்ணி என்று கேட்டார். அது இல்லாமல் அண்ணன் எப்படிச் சாப்பிட்டு எழுந்திருப்பார் என்றார். அவரைக் கொன்ற சாமானை அவருக்கே படைப்பதா என்று கத்தினேன். சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். கடைசி ஆசையைக்கூட மறுக்கிறாள் என்று ஒருத்தி என் காதுபடச் சொன்னாள். இருபத்தேழு வருஷம், வருகிற வழியில் ஒரு பாக்கெட் வாங்கிவா என்று அவர் கேட்டு, ஒருநாளும் வாங்கியதில்லை நான். அன்றைக்கு எழுந்து, முனையிலிருந்த பெட்டிக்கடைக்கு நடந்துபோய், அவர் குடிக்கிற அதே பாக்கெட்டை என் வாயால் கேட்டு வாங்கிவந்து இலையோரம் வைத்தேன். ஒன்றைப் பற்றவைத்து வைக்கவேண்டும், கொள்ளி போட்ட பிள்ளைதான் வைக்கவேண்டும் என்றார்கள். மகன் உட்கார்ந்தான். அதுவரைக்கும்தான் எனக்கு ஞாபகம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

மகன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வெறும் நெருப்பக் காட்டனா பத்தலம்மா. ரெண்டு தடவை அணைஞ்சி போச்சி. வாயில வெச்சி இழுத்தாத்தான் பத்தும்னு சித்தப்பா சொன்னாரு. நான் உன்னத்தான் பாத்தேன். இழுத்தப்ப அப்பா பக்கத்துல உக்காந்துனு இருக்கறாப்பல இருந்துச்சி. அதுக்கப்புறம் விட முடியல."

பிறகு, குற்றம் சொல்கிற குரலே இல்லாமல், "மூணாவது குச்சி நீதாம்மா கிழிச்சிக் குடுத்த," என்றான்.

சாவியைத் திருப்பி வாங்க வேண்டும் என்றுதான் அந்த சீட்டில் உட்கார்ந்திருந்தேன். கேட்கவில்லை. ஆமாம், கிழித்துக் கொடுத்தேன். காற்றில் அணையாமல் இருக்க இன்னொரு கையால் மறைத்துக்கொண்டு, அவன் வாய்க்கிட்டே கொண்டுபோய்க் கொடுத்தேன்.